இலையுதிர்காலத்தின் இரண்டாம் நாள்

கோடைகாலம் முந்தாநாளோடு முடிந்துவிட்டது என்று என் மாமனார் அறிவித்தபோது காலை ஏழே முக்கால் மணி. ஹிகோனே ரயில் நிலையத்து வெப்பமானி முப்பத்திரண்டைத் தாண்டியிருந்தது. வெப்பமானிக்குக் காலண்டர் பார்க்கிற பழக்கம் கிடையாது.

எங்கள் ஜப்பானியக் காலண்டரில் தெளிவாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் ஏழு, இலையுதிர்காலத் தொடக்கம். அதற்கப்புறம் அடிக்கிற வெயிலுக்கு 'மிச்ச வெயில்' என்று பெயர். கடிதத்தில்கூட அப்படித்தான் எழுதவேண்டும். கோடை வெயில் என்று எழுதிவிட்டால் படிப்பு வாசனை இல்லாதவன் என்று நினைத்துக்கொள்வார்கள். மாமனார் குராமொச்சி தெய்ஜிரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆகவே எட்டாம் தேதி காலையில் இலையுதிர்காலக் கோட்டு, கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, பழுப்பு நிறத் தொப்பி சகிதம் கியோத்தோவைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பிவிட்டார். வயது எழுபத்தொன்பது.

"இது வெயில் இல்ல ஷூஹேய். வெயிலோட மிச்சம். மிச்சத்தைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

"இல்லைப்பா" என்றேன்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. சும்மா வந்து ஒட்டிக்கொண்டவன் இல்லை. முறைப்படி தத்து எடுக்கப்பட்டு, பெண்டாட்டி வீட்டுப் பெயரை என் பெயருக்கு முன்னால் ஒட்டவைத்துக்கொண்டு வந்தவன். சட்டப்படி மாமனாரை அப்பா என்றுதான் கூப்பிடவேண்டும். இருபத்தாறு வருடமாகக் கூப்பிடுகிறேன். அந்த இருபத்தாறு வருடத்தில் "இல்லைப்பா" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், எல்லாம் அவர் சொன்னதை ஆமோதிக்கத்தான்.

ஆனால் இன்றைக்கு எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். போன ஆகஸ்டில் தோட்டத்தில் களை பிடுங்கப்போன மாமனார் வெயில் தாங்காமல் அப்படியே சாய்ந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். என் மனைவி மிஹோகோ இரண்டு பாட்டில் பார்லி டீயை என் பையில் திணித்து, வாசலில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானத்துக்குள்ள ஒரு பாட்டில், மூணு மணிக்குள்ள இன்னொண்ணு. அப்பா குடிக்கணும். கெஞ்சுங்க, கால்ல விழுங்க, என்னமோ பண்ணுங்க. காலி பாட்டிலை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்."

"நானே குடிச்சுட்டு போட்டோ அனுப்பிட்டா?"

"உங்க மூஞ்சியிலேயே தெரிஞ்சுடும்."

ரயிலில் உட்கார்ந்ததும் மாமனார் கையேட்டை நீட்டினார். அவரே தட்டச்சு செய்து, அட்டையில் அவரே கோபுரம் வரைந்து, பின் அடித்த பதினாறு பக்கப் பயணக் கையேடு. முப்பத்தொரு முறை பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கியோத்தோவுக்கு அழைத்துப்போனவர். கையேடு இல்லாமல் அவரால் குளியலறைக்குப் போகமுடிவதே ஆச்சரியம். முதல் பக்கத்தில் 'தலைவர்: குராமொச்சி தெய்ஜிரோ. உறுப்பினர்: குராமொச்சி ஷூஹேய்.' பக்கம் நான்கில் கொண்டுவர வேண்டிய பொருள்கள். தின்பண்டம் அளவோடு, வாழைப்பழம் தின்பண்டத்தில் சேராது என்று அடிக்குறிப்பு. பக்கம் ஐந்தில் தண்ணீர் குடிக்கும் நேரம்: பதினொன்றரை, இரண்டரை.

"அப்பா, நடுவுல தாகம் எடுத்தா?"

"எங்க காலத்துல பயிற்சி நடக்கறப்ப தண்ணி குடிச்ச பையன் ஒருத்தனும் உருப்பட்டதில்ல. தாகம்கிறது மனசுல இருக்கு."

பெரியவர் மூடியைத் திருகாமல் சின்னவன் திருகுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆக, பையில் இருந்த இரண்டு பாட்டிலும் எனக்கும் சேர்த்துத்தான் பூட்டப்பட்டிருந்தன. எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

கியோத்தோ, நாலு பக்கமும் மலையை வைத்து அடைத்த சட்டி. ஆகஸ்டில் அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். முதல் கோயிலில் மாமனார் கல் தோட்டத்துக்கு முன்னால் நின்று கல்லின் பொறுமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். இரண்டாவது இடத்தில் வாசல்தூணின் வரலாறு. அவர் வாங்கிய சம்பளத்துக்கு இன்னும் வகுப்பு பாக்கி இருப்பதுபோலப் பேசுவார். கூட்டத்துக்குச் சொல்கிற குரலில் ஒரே ஒரு மாணவனுக்குச் சொல்வார். வழிகாட்டி என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்கள் பின்னாலேயே வந்து, ஒரு வார்த்தையும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருட அனுபவம் இல்லாமலே என்னைவிட நன்றாக ஆட்டினார்கள்.

மூன்றாவது இடத்துக்குப் போகிற சந்தில் எனக்குக் கண் இருட்டியது. மணி பத்து ஐம்பது. மாமனாரின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஒருபக்கம் ஏதோ ஒரு சின்னக் கோயிலின் நீளமான மண்சுவர்; அதில் பூட்டிக்கிடந்த பக்கவாசல் ஒன்று; அதன் பக்கத்தில் ஒரு மின்கம்பம். அந்தச் சந்தில் நிழல் என்று இருந்தது அந்தக் கம்பத்தின் நிழல் மட்டும்தான். ஆள் அகலம், ஐந்தாறு ஆள் நீளம்.

உறுப்பினரின் ஷூ கயிறு அவிழ்ந்தால் தலைவர் நின்று காத்திருக்கவேண்டும் என்று பக்கம் ஆறில் இருந்தது. அவிழ்த்தேன்.

"இந்த வயசுல ஷூ கயிறுகூட ஒழுங்கா கட்டத் தெரியல" என்றபடி அவர் கம்பத்தடியில் நின்றார். நான் அவர் பின்னால் நிழலுக்குள்ளேயே குந்தி, என் வாழ்க்கையிலேயே மிக நிதானமாக இரண்டு ஷூவுக்கும் கயிறு கட்டினேன். நாலு நிமிடம் தேறியது. எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

எழுந்து பார்த்தால் என் பின்னால் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். புலித்தோல் வரி போட்ட சட்டை, குடை, பேச்சில் ஒசாகா ஊர் வாடை. அவளுக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு தம்பதி. எல்லோரும் அளவெடுத்ததுபோல ஒரு முழ இடைவெளி விட்டு, கம்பத்து நிழலில் ஒற்றை வரிசையாக.

"ஏனுங்க, இது எதுக்கு வரிசை?" என்றாள் ஒசாகா அம்மாள்.

"எதுக்கும் இல்லைங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஆனால் கேள்வி தலைவருக்குப் போய்விட்டது. நாற்பது வருட ஆசிரியப் பணியில் 'தெரியாது' என்ற சொல்லை அவர் உச்சரித்ததாகப் பதிவு இல்லை. மின்கம்பத்து நிழலுக்காக நிற்கிறோம் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எப்படிச் சொல்வார்? அவர் பூட்டிய பக்கவாசலை ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"உள்ளே ஒரு கிணறு இருக்கு. இலையுதிர்காலம் பொறந்தவுடனே முதல் குளிர்காத்து அந்தக் கிணத்துக்குள்ள இருந்துதான் வருதுன்னு நம்பிக்கை. வருஷத்துல ஒரு நாள்தான் திறப்பாங்க."

"அடேங்கப்பா! குளிர்காத்தா? ஏ பொண்ணுங்களா, கேட்டீங்களா, குளிர்காத்தாம்!"

கல்லூரிப் பெண்கள் போனை எடுத்தார்கள். பதினொன்றே காலுக்குள் வரிசையில் நாற்பது பேர். கம்பத்து நிழல் எப்போதோ நிரம்பிவிட்டது. மிச்சப்பேர் மிச்ச வெயிலில் நின்றார்கள். எதற்கென்று கடைசியில் நிற்பவருக்குத் தெரியாது, நடுவில் நிற்பவருக்கு அரைகுறையாகத் தெரியும். இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் சும்மாவா நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்.

நான் மாமனாரின் காதருகே குனிந்தேன். "அப்பா, கிணறு இருக்கான்னு நமக்கு நிச்சயமா..."

"பழைய கோயில்னா கிணறு இருக்கும்" என்றார் திரும்பாமலே.

"அப்போ திறக்கறது?"

"கிணறு இருந்தா திறப்பாங்க."

பதினொன்றரைக்கு நான் பாட்டிலை எடுத்தேன். "தண்ணி நேரம்பா. பக்கம் அஞ்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வரிசையில நின்னுகிட்டா? முதல் ஆளா நின்னுகிட்டா? பின்னாடி அத்தனை பேர் பாக்கறாங்க."

"நேரம் போட்டிருக்குப்பா. நீங்கதான் போட்டீங்க."

"வரிசையை நான் போடலையே."

அது உண்மை. வரிசையை நான்தான் போட்டேன், ஷூ கயிற்றால்.

ஒசாகா அம்மாள் இதைக் கவனித்துவிட்டாள். "தாத்தா, இந்தாங்க, உப்பு மிட்டாய். வாயில போட்டுக்குங்க. மூஞ்சி வேகவச்ச நண்டு மாதிரி இருக்கு."

"மிக்க நன்றி. பிறகு சாப்பிடறேன்" என்று அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கோட்டுப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

"இவர் எப்பவுமே இப்படித்தானா?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துதான் போறார்" என்றேன்.

ஒரு நம்பிக்கை மட்டும் எனக்கு இருந்தது. நிழல் நகர்கிறதே, அதோடு நாமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடலாம். முதல் கால்மணி நேரம் அப்படித்தான் நடந்தது. யாரும் யாரிடமும் சொல்லாமல் வரிசை முழுதும் கடிகார முள் மாதிரி நிழலோடு திரும்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மஞ்சள் அரைச்சட்டை போட்ட பெரியவர் ஒருத்தர் வந்து சேர்ந்தார். வட்டாரத் தொண்டர். இது எதற்கு வரிசை என்று அவர் கேட்கவே இல்லை. வரிசை என்று ஒன்று இருந்தால் அதை ஒழுங்கு பண்ணவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. தரையில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்தார், கயிறு கட்டினார், 'வரிசையின் கடைசி இங்கே' என்ற பலகையைக் கடைசி ஆளின் கையில் கொடுத்தார்.

"எல்லாரும் கயித்துக்கு உள்ளார நில்லுங்க. வளையாதீங்க. பாதையை மறிக்கக்கூடாது."

நிழலுக்கு யாரும் கயிறு கட்டவில்லை. அது எங்களை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு நடுத்தெருவுக்குப் போய், ஒருத்தருக்கும் உபயோகமில்லாமல் படுத்துக்கொண்டது.

இனி ஒரே வழிதான். கோயில்காரர்கள் யாராவது வெளியே வந்து 'இன்று திறப்பதில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மாமனார் மரியாதை கெடாமல் வீட்டுக்கு வருவார். உண்மையை நானே கத்திச் சொல்லலாம்தான். அறுபது பேர் முன்னால் அவரைப் பொய்யன் ஆக்கினால் அந்த அவமானத்திலேயே விழுந்துவிடுவார். வெயிலுக்கு வேலை மிச்சம். சிறுநீர் கழிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சுவரைச் சுற்றி ஓடி, முன்வாசல் மணியை அடித்தேன். குருக்களின் மனைவி ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அவர் இல்லீங்களே. முன்னோர் பூஜை நாளு வருதில்லையா, வீடு வீடா ஓதறதுக்கு ஸ்கூட்டர்ல போயிருக்கார். சாயந்தரம்தான் வருவார்."

"அம்மா, உங்க பக்கவாசல்ல அறுபது பேர் நிக்கறாங்க. நீங்க ஒரு நிமிஷம் வந்து, இன்னைக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னாப் போதும்."

"அறுபது பேரா?" அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ. இன்னைக்கு என்னன்னு அவர் என்கிட்ட சொல்லாமயே போயிட்டாரே!"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா நிக்கறாங்க. நான் சத்தியமா சொல்றேன்."

"சும்மா எப்படிங்க இந்த வெயில்ல அறுபது பேர் நிப்பாங்க? எங்களுக்குத்தான் ஞாபகம் இல்லாமப் போச்சு. ரொம்ப மன்னிக்கணும்." மூன்று முறை குனிந்தாள். "பின்கட்டு ஒரே குப்பையா கிடக்கு. ஒரு மணி நேரம் மட்டும் பொறுத்துக்கச் சொல்லுங்க. கூட்டிடறேன்."

"கூட்ட வேண்டாம்மா! கலைஞ்சு போகச் சொல்லுங்க!"

"காத்துக்கிட்டு இருக்கறவங்களை எப்படிங்க போகச் சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே அவள் துடைப்பத்தைத் தேடப் போய்விட்டாள். வாசலில் நான் கொஞ்சநேரம் நின்றேன். பிறகு, பூட்டாத வீட்டுக்கு முன்னால் அதற்குமேல் நிற்பது நன்றாக இருக்காது என்று கதவை நானே சாத்திவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மாமனார் முழு வெயிலில், இரண்டு கூம்புகளுக்கு நடுவில் விறைப்பாக நின்றிருந்தார். கிணற்றின் வரலாறு பதினாறாம் நூற்றாண்டுக்குப் போயிருந்தது. குரல் தேய்ந்திருந்தது. நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து வடிந்துகொண்டிருந்த வியர்வை நின்றுவிட்டது. தோல் காய்ந்த காகிதம்போல் இருந்தது. வியர்வை நின்றால் ஒரு நொடியும் யோசிக்காதீர்கள் என்று மிஹோகோ குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்த தாளில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

"அப்பா. போதும். வாங்க போகலாம்."

இருபத்தாறு வருடத்தில் முதல்முறை. என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"என்ன சொன்னே?"

"போதும்னு சொன்னேன். இதைக் குடிங்க." மூடியைத் திருகி பாட்டிலை அவர் உதட்டுவரை கொண்டுபோனேன். அவர் ஒரு விரலால், ஒரே ஒரு விரலால் அதைத் தள்ளினார். டீ என் சட்டையில் கொட்டியது. "உறுப்பினர்..." என்று ஆரம்பித்தார். பக்கம் எத்தனை என்று சொல்லவந்தாரோ என்னவோ. முழங்கால் முதலில் மடங்கியது, பிறகு இடுப்பு. மிகவும் மெதுவாக, கயிற்றில் படாமல், வரிசைக்கு உள்ளேயே மடிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததில் யாரையும் குறைசொல்ல முடியாது. ஒரே சமயத்தில் இருபது குடைகள் அவர்மேல் விரிந்தன. தம்பதி அவர் கையேட்டையே எடுத்து விசிறினார்கள். ஒசாகா அம்மாள் பின்னால் நின்ற பெண்களிடம், "கண்ணுங்களா, என் இடத்தைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவந்து, கோட்டின் பொத்தான்களைப் பிய்த்து, தன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் அவர் கழுத்தில் ஊற்றினாள். தொண்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஏழு நிமிடத்தில் வந்தது. அந்த ஏழு நிமிடமும் மாமனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாதி பாட்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படி உள்ளே அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கண்ணைத் திறந்தார். "ஷூஹேய்... நீ நில்லு. இடம் போயிடும்."

"கவலைப்படாதீங்க தாத்தா!" என்றாள் ஒசாகா அம்மாள். "உங்க இடத்தை யாரும் தொடமாட்டோம். சத்தியம்." வரிசை முழுதும் "ஆமாம், ஆமாம்" என்றது. யாரோ அவர் தொப்பியை எடுத்து, தூசி தட்டி, அவர் நின்றிருந்த இடத்தில் வைத்தார்கள்.

நான் நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏறினேன். அன்றைக்கு நான் மீறிய இரண்டாவது உத்தரவு அது. அதனாலும் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கையில் ஊசி போட்டு, தலைக்குமேல் பையைத் தொங்கவிட்டார்கள். காலையிலிருந்து அவர் சம்மதம் கேட்காமல் அவருக்குள் போன முதல் திரவம். டாக்டர் சின்ன வயதுக்காரர்.

"மூணு பை ஏத்தறோம். அதுக்குள்ள சிறுநீர் வந்துடுச்சுன்னா பிழைச்சார். வரலைன்னா டயாலிசிஸ். ஏங்க, காலையில இருந்து தண்ணியே குடுக்கலையா?"

"கொடுத்தேன்" என்றேன்.

மிஹோகோ இரண்டரை மணி ரயிலைப் பிடித்து வந்தாள். என்னைத் திட்டவில்லை. என் சட்டையில் காய்ந்திருந்த டீக் கறையைப் பார்த்தாள், பையிலிருந்த ஒன்றரை பாட்டிலைப் பார்த்தாள், அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது பை பாதி இறங்கியிருந்தது. சிறுநீர் வரவில்லை. மாமனார் அரைத்தூக்கத்தில் "தொப்பி" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் "தொப்பி".

"போய் எடுத்துட்டு வாங்க" என்றாள் மிஹோகோ, என்னைப் பார்க்காமல். "அதையாவது செய்யுங்க."

நான் சந்துக்குத் திரும்பியபோது மணி ஐந்து. வரிசை மூலை திரும்பிப் பெரிய தெருவரை நீண்டிருந்தது. பக்கவாசல் திறந்திருந்தது. பெருக்கிச் சுத்தமாக்கிய பின்கட்டு தெரிந்தது. அதன் மூலையில், மூங்கில் மூடி எடுத்துவைத்த ஒரு பாழுங்கிணறு. ஒவ்வொருவராக உள்ளே போய், குனிந்து எட்டிப்பார்த்து, "ஆமாம், ஜில்லுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். வாசலுக்கு முன்னால் ஒரு மடக்கு நாற்காலி. அதன்மேல் மாமனாரின் தொப்பி. உள்ளே போகிறவர்கள் அதற்கு லேசாகத் தலைவணங்கிவிட்டுப் போனார்கள்.

நான் தொப்பியை எடுக்கக் கை நீட்டினேன்.

"கடைசி அந்தப் பக்கம்" என்றார் மஞ்சள் சட்டைத் தொண்டர். காலையில் இருந்தவர் இல்லை. வேறு ஆள், அதே சட்டை.

"இது என் மாமனார் தொப்பிங்க."

"அப்படிங்களா. அவர் வந்து வாங்கிக்கட்டும். அதுவரைக்கும் பத்திரமா வச்சிருக்கறதா வாக்குக் கொடுத்திருக்கோம். யார் வேணும்னாலும் வந்து மாமனார் தொப்பின்னு சொன்னா, கொடுத்துட முடியுமா?"

"அப்படி யாராவது வந்து சொன்னாங்களா?"

"நீங்கதான் முதல்."

ஒசாகா அம்மாள் இருந்தால் சாட்சி சொல்லியிருப்பாள். கிணறு பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம். என் முறை வரும்போது கேட்டால், யோசித்துப் பார்ப்பதாகத் தொண்டர் பெரியமனது பண்ணினார். நான் தெருமுனைவரை நடந்து, பலகையை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையின் கடைசி இங்கே.

போன் அடித்தது. மிஹோகோ.

"வந்துடுச்சுங்க!" அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பாவுக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு. நர்ஸ் பாட்டிலைத் தூக்கிக் காட்டறா, ஏதோ பரிசு வாங்கின மாதிரி."

பலகையை ஊன்றிக்கொண்டேன்.

"எங்க இருக்கீங்க? தொப்பி கிடைச்சுதா?"

"வரிசையில நிக்கறேன்."

"என்ன வரிசை?"

"அவரோடது."

எதிர்முனையில் கைமாறுகிற சத்தம். பிறகு காய்ந்த குரல். "ஷூஹேய். திறந்தாங்களா?"

"திறந்துட்டாங்கப்பா."

"கிணறு?"

"இருக்குப்பா."

"பாத்தியா" என்றார். "கையேட்டுல சேத்துக்கணும்."

எனக்கு முன்னால் நின்றவருக்கும் எண்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, மேலே இலையுதிர்கால நிறத்தில் ஒரு கோட்டு. அவர் கழுத்தைப் பார்த்தேன். வியர்வை இல்லை. பையிலிருந்து மூடி திறக்காத பாட்டிலை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஐயா, கொஞ்சம் குடிங்க."

அவர் திரும்பி, மரியாதையாகப் புன்னகைத்தார். "வரிசையில நின்னுகிட்டா?"

பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார். சூரியன் மேற்கே இறங்கியும் அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஓரடி இடப்பக்கம் நகர்ந்து சூரியனுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். என் நிழல் அவர் தோளில் பாதிவரைதான் எட்டியது. மூடியைத் திருகி, அவ்வளவு பேர் பார்க்க, ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தேன். காலியான பாட்டிலைப் போட்டோ எடுத்து மிஹோகோவுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'உங்க மூஞ்சியையும் சேத்து எடுத்து அனுப்புங்க.'